மேலிருந்து பார்த்த புண்

பேசி வைப்பது என்றால் என்ன, பாலுக்கு உறை ஊற்றி வைப்பது மாதிரியா, நான் பேசி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அது பாட்டுக்குத் தானாக உறைந்துகொண்டிருக்குமா. டாக்டர் ஜெபராஜ் அப்படித்தான் சொன்னார், "நான் ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றேன் மேடம், அதுக்குள்ள சார்ட்ட பேசி வைங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பேங்கிறாரு" என்று. சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். சார் என்பது என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், தாலுகா ஆபீஸ் சர்வேயர், இந்த நடையில் எனக்கு எதிரே இருக்கிற கதவுக்குப் பின்னால் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவருடைய வலது காலை முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளே போய்விடலாம். அவர் சம்மதிக்கவில்லை. ஏன் சம்மதிக்கவில்லை என்றால், அவர் பெண்டாட்டி சண்முகவடிவு, கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள், அதாவது நான், அந்தப் புண் ஆறிவிடும் என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம். இதைப் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்லுகிற அடுத்த வீட்டுக் கதையாகத்தான் கேட்கிறது. அழுகை வரவில்லை. பயம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யார் உதடோ என்று இருக்குமே, அப்படி இருக்கிறது. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. நாற்காலியில் ஒரு திருகாணி கழன்றிருக்கிறது, நான் அசைந்தால் கிரீச் என்கிறது, அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். திருகாணி போன ஓட்டையில் துரு. யாராவது ஒரு திருகாணி வாங்கிப் போடலாம். இதைப் பற்றி என்னால் ரொம்ப நேரம் யோசிக்க முடிகிறது.

மதினி ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றுகிறாள். அவருடைய அக்கா, செண்பகம். தம்பி ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள், சமைத்துக் கட்டிக்கொண்டு வருகிறாள், எனக்கும் சேர்த்து அழுகிறாள். "காப்பி குடிக்கியா வடிவு, ஆறிரப்போவுது." வேண்டாம் மதினி. "வேண்டாம்னா எப்படி, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. கல்லு கணக்கா உக்காந்திருக்க." கல்லு கணக்கா. எங்கள் பக்கத்தில் கணக்கா என்றால் மாதிரி என்று அர்த்தம், அது மதினியின் வாயிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை. "நீ உள்ள போயி சொல்லு தாயி. நான் சொன்னா நீ சும்மா கெட அக்காங்கான். உன் கணக்கத்தான் வேதவாக்கா வச்சிருக்கான், நர்சு, ஆயா, படுக்கை விரிக்க வாரவன் ஒருத்தர் பாக்கி இல்ல, போன எடுத்து எடுத்துக் காட்டுதான், எங்க வீட்ல போட்டதுங்கான், ஆவணிக்குள்ள மூடிரும்ங்கான்." மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். எங்க வீட்ல போட்டது. இருபத்தைந்து வருஷமாக அவருக்கு என் கணக்கு ஏட்டுச் சுரைக்காய். நான் எங்கேயாவது கருத்தரங்கில் பேசப் போனால், "போயிட்டு வா, அங்க உள்ளவனுக்காவது புரியுதான்னு பாரு" என்பார். கேலிதான், கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது வேதவாக்கு. வேதவாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி என்று யாராவது சொன்னால் தேவலை. உள்ளே போய் என்ன சொல்வது, நான் சொன்னேன் பாருங்கள், அது இல்லை என்றா. முதல் வார்த்தை வரவேண்டும். முதல் வார்த்தை வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். ஏங்க. அதுதான் முதல் வார்த்தை. ஏங்க என்ற பிறகு என்ன.

என் தொழிலை மதினிக்கு ஒரு தடவை விளக்கினேன், அவள் மகள் காதுகுத்து வீட்டில், வெற்றிலை மடித்துக்கொண்டே. நம் உடம்பு முழுக்கச் செல்கள். அவற்றுக்கு இரண்டே வேலைதான் மதினி, ஒன்று நகரும், இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகப் பெருகும். பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் நகர்ந்து போய் உட்காரும், கூட்டம் நெருக்கிவிட்டால் பேசாமல் இருக்கும். எவ்வளவு வேகத்தில் நகரும், எவ்வளவு வேகத்தில் பெருகும், இடம் எப்போது நிறையும், இதை ஒரு சமன்பாட்டில் எழுதிப் போட்டால் நாளைக்கு எங்கே இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். "எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு கணக்கா" என்றாள் மதினி. சரிதான் என்றேன். அதைவிடச் சரியாக என் ஆராய்ச்சி மாணவர்கள் யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் ஒரு செல்லைக் கையால் தொட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து படம் அனுப்புவார்கள். கண்ணாடித் தட்டில் செல்களைப் படரவிட்டு, நடுவில் ஊசிமுனையால் ஒரு கோடு கீறுவார்கள். கீறின இடம் வெறுமையாக இருக்கும். இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து அந்தக் கோட்டை மூடும். மணிக்கொரு தடவை மேலிருந்து படம் எடுப்பார்கள். வெறுமை குறைந்துகொண்டே வரும், ஒருநாளில் மூடிவிடும். அந்தக் கோட்டுக்கு நாங்கள் எல்லோரும் புண் என்றே பெயர் வைத்திருக்கிறோம். புண் மூடியது, புண்ணின் அகலம், புண்ணின் கரை. ரத்தம் வராத புண், நாற்றமில்லாத புண், யாருடையதும் இல்லாத புண். அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்கினேன். அவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "நான் நட்ட கல்லு நட்ட இடத்துல நிக்கும், உன் எல்லை ராத்திரியோட ராத்திரியா நகந்து போவுது, உன்னை எவன் நம்பி நெலம் அளக்கக் கூப்பிடுவான்" என்றார். அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது, நான் சிரித்தேன்.

நடையைத் துடைக்கிற அம்மாள் வந்துவிட்டாள், காலைத் தூக்கச் சொல்கிறாள், தூக்குகிறேன், நாற்காலி கிரீச் என்கிறது. பினாயில் வாடை. பினாயில் வாடை வந்தால் மற்ற வாடை தெரியாது, அதற்காகத்தான் போடுகிறார்கள். துடைத்த தரை ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, ஈரம் உள்நோக்கிச் சுருங்குகிறது. நான் அதன் வேகத்தைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேறு ஒருத்தி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிடுவாள், நான் தரை காய்கிற வேகத்தைப் பார்க்கிறேன். இப்படித்தான் அதுவும் ஆரம்பித்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு புஞ்சை அளக்கப் போனபோது உடைமுள் கேன்வாஸ் ஷூவைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, சர்க்கரை ஏற்கெனவே காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது, பகல் பூராவும் அந்த முள்ளோடு வரப்பு வரப்பாக நடந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. "ஏட்டி, இது என்னன்னு பாரு" என்றார், செருப்பில் அப்பின சேற்றைக் காட்டுகிற மாதிரி. வலிக்கவில்லையா என்றேன். வலிச்சா சொல்ல மாட்டேனா என்றார். நடந்தது அவ்வளவுதான். பிறகு டாக்டர், மாத்திரை, தினமும் கட்டு மாற்றுவது. உள்ளங்கால் அவர் கண்ணுக்குத் தெரியாது, நான்தான் பார்க்க வேண்டும். நான் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். பழைய கட்டைப் பிரித்து, கழுவி, புதுக்கட்டுப் போடுவதற்கு முன், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற கண்ணாடித் தாளை ஸ்பிரிட்டால் துடைத்து, புண்ணுக்கு மேல் வைத்து, கரையை ஒட்டி மார்க்கர் பேனாவால் வரைவேன். அதை வரைபடத்தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணினால் பரப்பு. அதை லேப்டாப்பில் போட்டால் ஒரு புள்ளி. வாரத்துக்கு இரண்டு தடவை அளந்திருந்தாலே போதும். நான் தினமும் அளந்தேன். புள்ளிகள் அதிகமானால் கோடு நன்றாக அமையும் என்று சொல்லிக்கொண்டேன்.

கோடு நன்றாகத்தான் அமைந்தது. அதுதான் கொடுமை. புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கின, என் சமன்பாடு அவற்றின் நடுவே ஊடுருவிக்கொண்டு இறங்கியது, என் வாழ்க்கையில் பெங்களூர்ப் படங்களுக்குக்கூட அவ்வளவு அழகாகப் பொருந்தினதில்லை. லேப்டாப்பைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். இது இன்றைக்கு, இது போன வாரம், இப்படியே போனால் இங்கே வந்து தரையைத் தொடுகிறது. "எங்க?" இங்கே. "அது என்னைக்கு?" ஆவணி பிறப்பதற்குள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார். "ஏ வடிவு, நீ நாளைக்கு உள்ளத இன்னைக்கே போட்டிருக்கியே" என்றார். எனக்கு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஊரில் நாலு பேர் படிக்கிற ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை வந்தபோது இல்லாத சந்தோஷம். அவர் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஜெபராஜ், "ஒரு தடவை உள்ள கீறிப் பாத்துரலாம், அட்மிட் ஆயிருங்க, ரெண்டு விரல் போனாலும் போகலாம்" என்று சொன்னபோது, அவர் போனை எடுத்துக் காட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான், சுருங்கிக்கொண்டுதான் வருகிறது டாக்டர், என்றேன். பொய் இல்லை. சுருங்கிக்கொண்டுதான் வந்தது. மேலே.

மேலே. இந்த வார்த்தையில்தான் வந்து வந்து தட்டுகிறேன். பெங்களூரில் மேலிருந்துதான் படம் எடுப்பார்கள், தட்டில் செல்கள் ஒரே அடுக்கு, அதற்கு ஆழம் கிடையாது, பக்கவாட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. நான் மேலிருந்தே பார்த்துப் பழகினவள். கண்ணாடித் தாளை மேலே வைத்தேன், மேலேயே வரைந்தேன், மேலேயே எண்ணினேன். ஒரு மனுஷனின் காலுக்கு ஆழம் உண்டு, தோலுக்குக் கீழே சதை, சதைக்குக் கீழே எலும்பு என்பது எனக்குத் தெரியாததா. கோழி வெட்டத் தெரிகிறவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் என் சமன்பாட்டில் அதற்கு இடம் இல்லை, சமன்பாட்டில் இல்லாததை நான் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிறகு ஜெபராஜ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். பாத எலும்பு செல்லரித்த பனஞ்சட்டமாக இருந்தது. மேலே வாய் மூடிக்கொண்டே வர வர உள்ளே சீழுக்கு வெளியேற வழியில்லாமல் போய், கிருமி எலும்பில் இறங்கி, நரம்போடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போது நான் என்ன நினைத்தேன். ஐயோ என்று நினைத்தேனா. இல்லை. அதுவும் அதே சமன்பாடு என்று நினைத்தேன். கிருமிக்கும் இரண்டே வேலை, நகர்வது, பெருகுவது. அதற்கும் இடம் காலியாக இருந்தால் போகும். தோல் செல்லுக்கு எழுதின அதே வரி, நகர்வதற்கு ஒன்று பெருகுவதற்கு ஒன்று என்று அதே இரண்டு உறுப்புகள், எண்களை மாற்றினால் போதும். என் சமன்பாட்டுக்கு நம்மவன் அடுத்தவன் என்று கிடையாது. நான் ஒன்றை அளந்துகொண்டிருந்தேன், இன்னொன்று அடியில் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே முன்னால் நின்று இதை யோசித்தேன், அவர் சக்கர நாற்காலியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன தெரிந்ததோ. டாக்டர், "புரியுதா மேடம்?" என்றார். புரிகிறது என்றேன். புரிவதில் எனக்கு எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை.

நாற்றம். அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறேன், திரும்பத் திரும்ப அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகிறேன். கடைசி வாரங்களில் கட்டைப் பிரிக்கும்போது ஒரு வாடை வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை, வாழைப்பழத்தை மூடி வைத்து மறந்துபோனால் வருமே. மருந்து வாடை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பது சரியான வார்த்தைதான், நினைக்கவில்லை, நினைத்துக்கொண்டேன். மின்விசிறியைக் கூட்டி வைப்பேன். அவர் என்றைக்கும் எதுவும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆபீஸில் யார் மனு கொடுத்தார்கள், எந்த அண்ணன் தம்பி வரப்புக்காக வெட்டிக்கொள்ளப் போனார்கள் என்று கதை சொல்லிக்கொண்டிருப்பார், நான் வரைந்துகொண்டே கேட்பேன், பிறகு நான் என் கல்லூரிக் கதையைச் சொல்வேன். முதல்வர் வாங்கிப்போட்ட புது நாற்காலி, பையன்கள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார், கால் ஆடும், கோடு கோணும், ஆட்டாதீங்க என்று அவர் கணுக்காலைப் பிடிப்பேன். கணுக்கால் சூடாக இருந்தது ஒருநாள். சூடாக இருந்தது. அதையும் எழுதி வைக்க என் அட்டவணையில் இடம் இல்லை. மதினி ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் நடுவீட்டில் நின்றுகொண்டு, "என்ன வாடை அடிக்கி" என்றாள். எலி செத்திருக்கும் என்றேன் நான். எலிதான்க்கா என்றார் அவரும், உடனே, என்னைவிட வேகமாக. மதினி பரண் வரைக்கும் ஏறித் தேடினாள், பாவம். இதில் ஏதோ இருக்கிறது, என்னைவிட வேகமாக என்பதில், ஆனால் அதைப் பிடிக்கப் போனால் நழுவிவிடுகிறது, திரும்பவும் திருகாணி ஓட்டைக்கு வந்து நிற்கிறேன்.

அவர் செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். வேண்டுமென்றே யோசிக்கிறேன், ஊசி குத்திப் பார்ப்பதற்காக. வீட்டில் அவருடைய அறையில் விளக்கு எரியாது. மகள் யாழினி புனேயிலிருந்து வருவாள், பத்துப் பதினைந்து நாள் இருப்பாள், போய்விடுவாள். அவள் வேலைக்குப் போனதிலிருந்தே வீடு அப்படித்தான் இருந்தது, அவர் ஒரு அறையில் டிவி, நான் ஒரு அறையில் லேப்டாப், சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்திக்கொள்கிற பழக்கம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போம். அப்படியிருந்த வீட்டில் விளக்கு எரியாவிட்டால் என்ன பெரிய வித்தியாசம். கொடூரமாக யோசிக்கிறேன், இன்னும் குத்தவில்லை. ஒருவேளை எனக்கும் சர்க்கரைதானோ, வேறு இடத்தில். சரி, கால் போனால். அவர் புஞ்சையில் இறங்கி நடக்க முடியாது. சர்வேயர் நடக்காமல் என்ன செய்வார், ஆபீஸில் உட்காரவைத்து நகல் எடுக்கச் சொல்வார்கள், அவருக்கு அது சாவுக்குச் சமானம், அதனால்தான் என் படத்தைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். என்னை நம்பித்தான். என்னை நம்பினதால்தான் சாகப் போகிறார். நம்பாத காலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம், ஜெபராஜ் இல்லை, யாரோ. அடுத்து வருவது அவராக இருக்கும். மதினி என் தோளைத் தொடுகிறாள். "எந்திரி வடிவு. தாலி உனக்குத்தான் கழுத்துல கெடக்கு, எனக்கில்ல. போ." எழுந்திருக்கிறேன். நாற்காலி கிரீச் என்கிறது.

கதவைத் தள்ளினால், பக்கத்துக் கட்டிலுக்கு நேற்று வந்தவரிடம் போனை நீட்டிக்கொண்டிருக்கிறார். "இந்தப் புள்ளியெல்லாம் நடந்தது, இந்தக் கோடு நடக்கப் போறது. எங்க வீட்ல போட்டது." அந்த மனிதர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் முகம் காய்ச்சலில் மினுங்கியது. நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்றார். ஏங்க என்றேன். அதற்குப் பிறகு வந்துவிட்டது. "எடுத்துருவோம்ங்க." அவர் போனைப் பார்த்தார். "அப்ப இந்தப் படம்?" "அது மேலாப்புல அளந்தது. மேல மூடிச்சு, அது நெசந்தான். உள்ள இன்னொண்ணு பெருகிக்கிட்டே இருந்திருக்கு, அத நான் அளக்கல. அந்தப் படத்த நம்பாதீங்க. நான் போட்டது தப்பு." என் குரல் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன் என்று சொல்கிற குரலாகவே இருந்தது. அவர் போனை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, அது நிற்கிற வரைக்கும் பார்த்தார். "தெரியும்" என்றார். என்ன தெரியும் என்றேன். "நாத்தம் உனக்கு மட்டுந்தான் வருமா? கால்தான் மரத்துக் கெடக்கு வடிவு, மூக்கா மரத்துக் கெடக்கு?"

பிறகு ஏன் என்று நான் கேட்டேனா, கேட்க வாயைத் திறந்தேனா, நினைவில்லை. அவரே சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். "யாழினி போன பெறவு வீட்ல பேச ஆளில்ல. இந்தப் புண்ணு வந்த பெறவு சாயந்தரமானா நீ வந்து காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருவ. என்னமாம் கேப்ப. நானும் என்னமாம் சொல்லுவேன். ஆஸ்பத்திரில சேந்துட்டா நர்சுல்லா கட்டு மாத்துவா." போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். "இன்னும் ஒரு வாரம் போட்டும், இன்னும் ஒரு வாரம் போட்டும்னு பாத்தேன். இங்க வந்த பெறவும் உன் படத்தத் தப்புன்னு என் வாயால சொல்ல மனசு வரல. கெட்டிக்காரத்தனம் பண்ணுததா நெனப்பு." அப்போது எனக்கு வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை, நெஞ்சு என்று சொன்னால் பொய், உடம்பு பூராவும் ஒரே நேரத்தில் ரத்தம் திரும்பி ஓடினதுபோல வலித்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தினமும் அளக்கத் தேவையிருக்கவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், வாரம் இரண்டு தடவை போதும் என்று சொல்ல நினைத்தேன். நடையில் ஜெபராஜின் குரல் கேட்டது, மதினி அவரிடம் என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். "சரின்னு சொல்லிரு டாக்டர்ட்ட" என்றார் அவர். "அவரு வாரதுக்கு முன்னால கண்ணத் தொடச்சுக்க." அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. போர்வையை விலக்கினேன். கட்டுக்கு வெளியே அவருடைய விரல்கள் தெரிந்தன, கறுத்து, வீங்கி. கையை நீட்டினேன், பயமாக இருந்தது, காற்றில் அப்படியே நின்றுவிட்டது கை. "தொட்டா தெரியுதாங்க?" என்றேன். அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "தெரியுதுட்டி" என்றார். நான் இன்னும் தொடவே இல்லை.